பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே ஒரு மேசை

அறிவியல் மையங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் காட்சிப்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். அம்பத்தூரில் பட்டறை. மரம், இரும்பு, அக்ரிலிக், மோட்டார், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், எல்லாம் எங்கள் கையில் புழங்கும். பொருளை நிறுவி முடித்து, பில் பாஸாவதற்காக அலையும் நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு கண்ணாடி துடைப்பதுபோல அங்கேயே நிற்பேன். வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தனி ஆளாக வருகிறவர் அபூர்வம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி, சில சமயம் அத்தை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பட்டாளமாகத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் பொருள்களோ ஒற்றை ஆளுக்காகச் செய்தவை. அந்த ஒற்றை ஆள் ஐந்தரை அடி உயரம் இருக்க வேண்டும். நின்றுகொண்டே ஒரு பக்கம் படிக்கப் பொறுமை வேண்டும். முதுகு வலிக்கவே கூடாது.

அதனால் நுழைந்த சிறிது நேரத்திலேயே குடும்பம் சிதறிவிடுகிறது. பையன் பட்டன் இருக்கும் இடத்தைத் தேடி ஓடுகிறான். அப்பா அவன் பின்னால் ஓடுகிறார். அம்மா கைக்குழந்தையோடு மின்விசிறிக்கு அடியில் நின்றுவிடுகிறார். தாத்தா வாசற்படியில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்கிறார். வெளியே வந்ததும் எல்லோரும் சேர்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

இதற்குக் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மேசையின் உயரம், கைப்பிடிகளின் எண்ணிக்கை, பலகையில் எழுதியிருக்கும் தமிழ், பெஞ்சு போட்ட இடம் ஆகியவைதான் ஒரு குடும்பம் சேர்ந்து நிற்குமா சிதறுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பிள்ளைக்கு அருங்காட்சியகம் நேராகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குச் சொல்வதற்கு ஏதாவது கொடுத்தால் போதும். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

முதலில் உடம்பு

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ஒரு வேடிக்கையான கட்டுரை வெளியிட்டார். பெட்டிகளுக்குள் இருக்கும் பொருள்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளை ஒருவரிடம் கொடுத்து, பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். பதிலுக்காக அந்த மனிதர் இடுப்பை வளைத்ததையும், தரையோடு தரையாகக் குனிந்ததையும், எக்கிப் பார்த்ததையும் போட்டோ எடுத்து வரிசையாக அச்சிட்டார். மியூசியம் சுற்றினால் வரும் களைப்புக்குக் காரணம் பார்க்கிறவரின் சோம்பல் அல்ல, பெட்டிகளின் அமைப்புதான் என்று அந்தப் படங்களே சொல்லிவிட்டன.

நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த மனிதரை நான் வாராவாரம் பார்க்கிறேன். இப்போது அவர் கையில் ஒரு பிள்ளையும் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும். காட்சிப்பெட்டியின் அடித்தளமே மூன்றடி என்றால் அந்தப் பிள்ளைக்குத் தெரிவது பெட்டியின் மரச்சட்டம்தான். அம்மா தூக்கிக் காட்டுவார். தூக்கிய கையோடு எவ்வளவு நேரம் விளக்கம் சொல்ல முடியும்? "பாத்துட்டியா? சரி, வா."

மேசையை இரண்டரை அடிக்கு இறக்கி, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால் நிலைமை மாறிவிடும். பிள்ளை நின்றபடி பார்க்கும். பாட்டி நாற்காலி போட்டு உட்காரலாம். சக்கர நாற்காலியில் வருகிறவரும் நெருங்கலாம். பிள்ளைக்காகச் செய்த அளவு முதியவருக்கும் பொருந்திப்போவது எங்கள் தொழிலில் கிடைக்கும் இனாம்.

பெஞ்சு விஷயமும் இதேதான். அதை வராந்தாவில் போட்டால் தாத்தா வராந்தாவோடு சரி. காட்சிப்பொருளிலிருந்து நாலடி தூரத்தில், பேச்சு காதில் விழும் இடத்தில் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "டேய், அதை அப்படித் திருப்பாதே, எதிர்ப்பக்கம் திருப்பு" என்று குரல் கொடுப்பார்.

பிலடெல்பியா கண்ட ஏழு

குடும்பங்கள் எப்படிக் கற்கின்றன என்பதை ஒழுங்காக உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட், இயற்கை அறிவியல் அகாடமி, பிலடெல்பியா விலங்குக் காட்சிச்சாலை, டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் கேம்டனில் இருக்கும் மீன் காட்சியகம் என நான்கும் 1990-களில் கூட்டு சேர்ந்தன. முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் மிண்டா போருன்.

அவர்கள் பரீட்சை எதுவும் வைக்கவில்லை. குடும்பம் ஒரு காட்சிப்பொருள் முன் நிற்கும்போது கேள்வி கேட்கிறார்களா, பதில் சொல்கிறார்களா, விளக்குகிறார்களா, பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார்களா என்று கவனித்தார்கள். பிறகு காட்சிப்பொருள்களை மாற்றியமைத்து மறுபடி கவனித்தார்கள். மாற்றிய இடங்களில் பேச்சும் கேள்வியும் கூடின. 1998-இல் வெளிவந்த அவர்களின் அறிக்கை, குடும்பத்துக்கு ஏற்ற காட்சிப்பொருளுக்கு ஏழு குணங்களைச் சொல்கிறது.

எங்கள் பட்டறைச் சுவரில் அவற்றை இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன். சுற்றி நிற்க முடிய வேண்டும். பல கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். சிறியவருக்கும் பெரியவருக்கும் எட்ட வேண்டும். ஒரே விடையோடு முடிந்துவிடக் கூடாது. பார்க்க, கேட்க, தொட, படிக்க எனப் பல வழிகள் வேண்டும். எழுத்து துண்டு துண்டாக, எளிதாக இருக்க வேண்டும். வருகிறவர்களின் வாழ்க்கையோடு தொடர்பு வேண்டும்.

முதல் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மிச்சம் என்று நம் மையங்களில் எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து வைப்போம். சுவரை ஒட்டிய மேசைக்கு ஒரு முகம்தான். முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பின்னால் நிற்பவர் பார்க்க முடியும். அதே மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். முகம் தெரிந்தால் பேச்சு தானாக வரும். ஒரு பைசா செலவில்லாத மாற்றம் இது. மின்சாரப் பிளக் பாயிண்ட் சுவரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ இடங்களில் நடக்காமல் போகிறது.

இரண்டு கைப்பிடி

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் எக்ஸ்ப்ளோரடோரியத்தை எங்கள் தொழிலில் தெரியாதவர் இல்லை. அணுகுண்டு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கியது அது. அவரும் இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதற்காக 1949-இல் பல்கலைக்கழக வேலையை இழந்தார். கொலராடோவில் மாடு வளர்த்தார். பிறகு அங்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். அந்தப் பள்ளி அனுபவத்தோடுதான் இந்த இடத்தை உருவாக்கினார். காட்சிப்பொருள் செய்யும் பட்டறையை ஒளித்துவைக்காமல், வருகிறவர்கள் பார்க்கும்படி வைத்தார். செய்முறைகளை 'குக்புக்' என்ற பெயரில் தொகுதிகளாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார்கள். எங்களிடம் இருக்கும் ஜெராக்ஸ் பிரதியில் கிரீஸ் கறை படியாத பக்கம் இல்லை.

எனக்குப் பிடித்த காட்சிப்பொருள், இரண்டு சக்கரங்களின் ஓட்டப்பந்தயம். இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை. ஒன்றில் எடை முழுவதும் நடுவில், மற்றதில் விளிம்பில். சாய்தளத்தில் ஒன்றாக உருட்டிவிட்டால் நடுவில் எடை உள்ளது முந்திவிடும். விளிம்பில் இருக்கும் எடையைச் சுழலவைக்கக் கூடுதல் பாடுபட வேண்டும் என்பதுதான் காரணம். இதை ஒரே பாதையோடு செய்தால் பையன் உருட்டுவான், அப்பா பார்ப்பார். நாங்கள் இரண்டு பாதை வைத்து, புறப்படும் கைப்பிடிகளை எதிரெதிர்ப் பக்கத்தில் பொருத்தினோம். கை எட்டாது. ஆகவே ஒருவரே இரண்டையும் விட முடியாது. "ஒன், டூ, த்ரீ" சொல்ல இன்னொருவர் வேண்டும். அதற்குமுன் எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டிவிடுவார்கள். ஊகம் சொல்லிவிட்ட பிள்ளை, அது பொய்த்துப்போனால் ஏன் என்று கேட்காமல் நகராது.

அறிவியல் பூங்காக்களில் எதிரெதிராக நிற்கும் பெரிய பரவளையத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் முன் மெல்லப் பேசினால் தூரத்தில் இருக்கும் மற்றதன் முன் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். தனியாகப் போனால் அது வெறும் தகரம். இரண்டு பேர் இருந்தால்தான் அது அறிவியல்.

ஆனால் கைகள் கூடினால் மட்டும் போதாது. எக்ஸ்ப்ளோரடோரியத்தின் சூ ஆலன், ஜோஷுவா கட்வில் இருவரும் 2004-இல் எழுதிய கட்டுரையில், நிறைய விசைகள் வைத்த காட்சிப்பொருள்களில் வரும் ஐந்து சிக்கல்களைப் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்று, ஒருவர் செய்வதை மற்றவர் கெடுத்துவிடுவது. அக்கா கவனமாக மணலில் ஒரு வடிவம் கொண்டுவரும்போது தம்பி மேசையை ஆட்டினால் அங்கே நடப்பது சண்டைதான். இன்னொன்று, எல்லா பட்டனும் ஒரே மாதிரி இருந்து எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் போவது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி இடம் வேண்டும், ஒருவர் செய்வது மற்றவர் கண்ணிலும் பட வேண்டும்.

இந்தக் கணக்கில் பார்த்தால், இப்போது எல்லா டெண்டரிலும் இடம்பிடிக்கும் டச் ஸ்கிரீனும் வி.ஆர். கண்ணாடியும் என்ன செய்கின்றன? ஸ்கிரீன் ஒரு விரலுக்கானது. மற்றவர்கள் முறை வருமா என்று வரிசையில் நிற்கிறார்கள். வி.ஆர். கண்ணாடியைப் போட்டுக்கொண்ட பிள்ளை குடும்பத்தை விட்டே போய்விடுகிறது. "என்னடா தெரியுது?" என்று அம்மா கேட்பது அதன் காதில் விழுவதில்லை. அழகான தொழில்நுட்பம், மறுக்கவில்லை. குடும்பம் பேசிக்கொள்ள அது தோது இல்லை.

அம்மா வாய்விட்டுப் படிக்கும் பலகை

பலகையை யார் படிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒருவர் படித்து, மற்றவர்களுக்குச் சொல்கிறார். அப்படியானால் பலகை எழுத வேண்டியது அவர் வாய்க்காக. "இக்காட்சிப்பொருளானது கோண உந்த அழிவின்மை விதியை விளக்குவதாக அமைந்துள்ளது" என்று இருந்தால், ஒரு தாய் அதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வார்? தனக்கே புரியாததைப் பிள்ளை முன் காட்டிக்கொள்ள விருப்பமில்லாமல், "இது பெரிய கிளாஸ் படிக்கிறவங்களுக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்.

எக்ஸ்ப்ளோரடோரியம் பலகைகளில், என்ன செய்து எதைக் கவனிப்பது என்பது முதலில் வரும். என்ன நடக்கிறது என்ற விளக்கம் பிறகு வரும். நான் தமிழில் எழுதும்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். எழுதியதைப் பட்டறையில் வெல்டிங் செய்கிற தம்பியிடம் கொடுத்து, அவர் மகளுக்குப் படித்துக் காட்டச் சொல்வேன். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்தச் சொல் போய்விடும். "சுழல்மேசையில் உட்கார்ந்து கைகளை நீட்டுங்கள். யாராவது உங்களைச் சுற்றிவிடட்டும். இப்போது கைகளை மடக்குங்கள். வேகம் என்ன ஆனது?" இதை யாரும் படித்துக் காட்டலாம். அறிவியலின் பெயர் கடைசி வரியில் வந்தால் போதும். முக்கியமாக, சுற்றிவிட இன்னொருவர் வேண்டும் என்று பலகையே சொல்லிவிடுகிறது.

கேள்வி கேட்கும் கலை

சிகாகோ சிறுவர் அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் சட்டமும் போல்ட்டும் நட்டும் வைத்து உயரமான கட்டடம் கட்டும் பகுதி ஒன்று இருந்தது. அங்கே ஒரு ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. சில குடும்பங்களுக்கு ஆரம்பத்திலேயே குறுக்குச் சட்டம் போட்டு முக்கோணமாக்கினால் கட்டடம் ஆடாது என்று செய்து காட்டினார்கள். சில பெற்றோரிடம், கட்டும்போது பிள்ளையிடம் என்ன, ஏன், எப்படி என்று கேளுங்கள் என்றார்கள். முதல் செய்தி கட்டடத்தை உறுதியாக்கியது. இரண்டாவது செய்தி பேச்சை வளர்த்தது. நுழையும்போது சொன்ன இரண்டு வார்த்தைக்கு அவ்வளவு பலன்.

கட்வில்லும் ஆலனும் எக்ஸ்ப்ளோரடோரியத்தில் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கினார்கள். குடும்பம் முதலில் கொஞ்ச நேரம் காட்சிப்பொருளோடு விளையாடும். பிறகு நிறுத்தி, ஆளுக்கொரு கேள்வி யோசிக்க வேண்டும். அங்கே யாருக்கும் விடை தெரியாததாகவும், அந்தப் பொருளை வைத்தே கண்டுபிடிக்கக் கூடியதாகவும் இருப்பதுதான் நல்ல கேள்வி. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் சேர்ந்து செய்து பார்ப்பார்கள். இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவர்கள், அடுத்த காட்சிப்பொருளிலும் நன்றாக ஆராய்ந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது 'யாருக்கும் விடை தெரியாத' என்ற நிபந்தனை. நம் வீடுகளில் பெரியவர் கேள்வி கேட்டால் அது பரீட்சை. "இது என்ன, சொல்லு?" பிள்ளை முழிக்கும். அப்பாவுக்கும் தெரியாத கேள்வி என்றால் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

யாருக்கு விளக்குகிறோம்?

பேச்சு வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே சிறுவர் அருங்காட்சியகத்தில் கெவின் குரோலியும் உடன் ஆய்வாளர்களும் பெற்றோர் பேச்சைப் பதிவு செய்தார்கள். 2001-இல் வெளியான முடிவு சங்கடமானது. இதை எப்படி இயக்குவது என்று ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சமமாகவே சொன்னார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்ற விளக்கத்தை மட்டும் ஆண் பிள்ளைகளுக்கு மூன்று மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். பிள்ளைகளின் வயது ஒன்று முதல் எட்டு வரைதான். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. கேட்டால் எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். துணியோடு நிற்கும் நான் இதை நம் ஊரிலும் கேட்கிறேன். "கியர் எப்படி வேலை செய்யுதுன்னா..." என்று ஆரம்பிக்கும் அப்பாவின் முகம் மகன் பக்கம் திரும்பியிருக்கும்.

மேசை செய்கிறவனால் இதற்கு என்ன முடியும்? கொஞ்சம் முடியும். பெண் பிள்ளைகள் எந்தக் காட்சிப்பொருள்களில் ஒன்றி நிற்கிறார்கள் என்று எக்ஸ்ப்ளோரடோரியம் பின்னாளில் ஆராய்ந்தது. பழகிய வீட்டுப் பொருள் ஒன்று அதில் இருப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று படம் போட்டிருப்பது, மூன்று பேராவது நிற்க இடம் இருப்பது, மற்றவர் செய்வதைப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ந்துகொள்ள முடிவது போன்றவை உதவின. இவற்றால் ஆண் பிள்ளைகளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. கியர் விளக்க இரும்புச் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு பழைய தையல் மிஷினைப் பிரித்து வைத்தால், பேச ஆரம்பிப்பது யார் என்று பாருங்கள்.

பாட்டி நிபுணராகும் இடம்

பிலடெல்பியாக்காரர்களின் ஏழாவது குணம், வாழ்க்கையோடு தொடர்பு, நம் ஊரில் அள்ளக் குறையாதது. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே திண்ணையைப் பார்த்ததும் பெரியவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். முற்றத்தைப் பார்த்ததும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று பிள்ளை கேட்கிறது. அதற்குப் பலகை தேவையில்லை, பாட்டி இருக்கிறார். பள்ளிப் படிப்பு இல்லாதவர் என்று வீட்டில் ஒதுங்கி இருந்தவர் அங்கே வழிகாட்டி ஆகிவிடுகிறார்.

கீழடி அகழாய்வில் கிடைத்தவற்றைப் பாருங்கள். ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகள் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அவற்றைவிடத் தக்களியும் பகடையும் விளையாட்டுச் சில்லுகளும் முக்கியம். ஏனென்றால் இன்றைக்கு எழுபது வயதைத் தாண்டிய எத்தனையோ பேர் பள்ளியில் தக்களி நூற்றவர்கள். பாண்டி ஆட ஓட்டுச்சில்லு தேய்த்தவர்கள். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்டது, பெரியவர்களுக்கு அந்தக் கட்டடமே பழகியதுபோல் இருக்கும். அப்படியொரு கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்தில், தொட்டுப் பார்க்க ஒரு புதுத் தக்களியும் கொஞ்சம் பஞ்சும் உள்ள தாழ்ந்த மேசை இருந்தால் எப்படி இருக்கும்? பலகையில் ஒரு வரி போதும்: "உங்களில் யாருக்கு நூற்கத் தெரியும்?" இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பொருளுக்கும் பேத்திக்கும் நடுவே பாட்டியின் கை வந்துவிடும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது எல்லாக் கூடத்தையும் முடித்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கூடம் போதும். பலகையைப் படிக்குமுன், "உனக்கு என்ன தெரியுது?" என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். விளக்கம் சொல்லும்போது மகள் பக்கமும் திரும்புங்கள். தாத்தாவுக்கு நாற்காலி கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

டெண்டர் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிளைவுட்டின் தடிமன், பெயின்டின் கம்பெனி, உத்தரவாத காலம் எல்லாம் அதில் இருக்கும். இதை யார் யாரோடு சேர்ந்து பயன்படுத்துவார்கள் என்ற வரி மட்டும் இருக்காது. அதைச் சேருங்கள். இறுதிப் பொருள் செய்யுமுன் அட்டையிலும் பிளைவுட்டிலும் ஒரு மாதிரி செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் நடுவில் வைத்துப் பார்ப்பது ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று எழுதுங்கள். குடும்பங்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தால் மறுபடி செய்ய வேண்டும். எது ஜெயிக்கும் என்று அப்பாவும் மகளும் அதன் முன் நின்று வாக்குவாதம் செய்தால், பெயின்ட் அடிக்கலாம்.